பற்றாசும் பிசிறும்



மேடைமேசையில் இருக்கும் இந்த அலுமினியப் பெட்டி உள்ளங்கையளவே ஆனது. மேலே இரண்டு குமிழ்களும் காலால் அழுத்தும் விசை ஒன்றும் உள்ளன. மின்கிட்டார் வாசிப்போர் இதனைக் காலடியில் வைத்து மிதிப்பர். மிதித்தவுடன் தெளிந்த நரம்பொலி தடித்துக் கரகரக்கும். இசைக்கலைஞர்கள் இதனை 'ஃபஸ் பெடல்' என்பர். இதனைச் செய்தவர்கள் நாங்கள் நால்வர்: ஓய்வுபெற்ற மொழியியலாளர் ஒருவரும், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் மூவரும். நால்வரில் எவரும் அதற்குமுன் பற்றவைப்புக் கோலைத் தொட்டதில்லை. பணிமேசையில் தமிழே பேசவேண்டும் என்பதொன்றே எங்கள் நிபந்தனை.

இக்கருவியின் பிறப்பே ஒரு பழுதிலிருந்து நேர்ந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாடலைப் பதிவு செய்தபோது, ஒலிக்கலவைப் பலகையின் ஒரு வழி கெட்டுப்போக, கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டார் உறுமியது. அந்த உறுமலை அழித்துவிடாமல் இசைத்தட்டிலேயே விட்டுவைத்தனர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அதே ஒலியை வேண்டும்போது எழுப்பத்தக்க டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றைப் பின்னர் உருவாக்கினார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதைப் பயன்படுத்திய பின்னரே உலகம் அதைத் தேடியது.

நாங்கள் தேர்ந்துகொண்டது 1966இல் இலண்டனில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்பதன் சுற்று. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடையம், மூன்று மின்தேக்கி, இரண்டு குமிழ்த்தடை; இவ்வளவே. சிம் லிம் டவரில் ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் வாங்கிவிட்டோம்.

பொருள்களை வாங்குமுன்பே நாற்பது சொற்கொண்ட கலைச்சொற்பட்டியல் ஒன்றை அச்சிட்டு வைத்திருந்தோம். மொழியியலாளரைப் பிடித்த நோய் அது. தமிழகப் பாடநூல்களின் 'மின்தேக்கி' அதில் இருந்தது. இலங்கை நூல்களின் 'கொள்ளளவி'யும் இருந்தது. டிரான்சிஸ்டருக்குத் 'திரிதடையம்' என்று எழுதியிருந்தோம். முதல் மாலையிலேயே அத்தாள் சூடான கோலை வைக்கும் விரிப்பாகிவிட்டது. உள்ளபடியே சொன்னால் அது நல்ல பயன்தான்.

மாணவர்கள் 'டிரான்சிஸ்டர்' என்றே சொன்னார்கள்; நாங்களும் விரைவில் அதையே சொன்னோம். அதன் மூன்று கால்களுக்குரிய உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்ற சொற்களோ நிலைத்துவிட்டன. காரணம், ஒரு தோல்வி. முதலில் பற்றவைத்த சுற்று ஊமையாய்க் கிடந்தது. ஒரு மணிநேரம் தேடிய பிறகு, டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்திருந்தது தெரிந்தது. "உமிழ்றது எந்தக் கால் ஐயா, வாங்கிக்கிறது எந்தக் கால்?" என்று ஒரு மாணவர் கேட்டார். சாதாரண நிலைத் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்குப் பிறகு, தாத்தாவிடம் தவிர வேறெவரிடமும் தமிழ் பேசியதில்லை என்று முதல்நாள் சொன்னவர் அவர். 'எமிட்டர்' என்ற பெயர் அவருக்கு வெறும் ஒலி. 'உமிழ்ப்பான்' காலின் தொழிலையே சொல்லிற்று. கைக்குத் தேவைப்பட்ட கணத்தில் பொருள் தந்த சொல்லைக் கை பிடித்துக்கொண்டது. மற்றதைக் கீழே போட்டது.

ஆசிரியப் பெருமக்கள் ஒன்றைக் கேட்டால் மகிழ்வார்கள். கம்பியையும் தகட்டையும் இணைக்க உருக்கிவிடும் உலோகத்துக்கு என்ன பெயர் என்று ஒரு மாலையில் வினா எழுந்தது. பொற்கொல்லர் அதனைப் பற்றாசு என்பர். யாப்பிலக்கணத்தில் ஆசிடை நேரிசை வெண்பா என்று நடத்துகிறோமே, அந்த ஆசு இதுதான். முதற்குறளின் இறுதியும் தனிச்சொல்லும் நேராகப் பொருந்தாதபோது, இடையே ஓர் அசையோ இரண்டோ இட்டு இணைப்பதற்குப் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து பெற்ற உவமை அது. பல்லாண்டுகள் இதனை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். பற்றாசு உருகிப் பளபளத்துப் பரவுவதையும், சூடு போதாவிட்டால் மங்கிய உருண்டையாய் ஒட்டாமல் நிற்பதையும் இந்த வயதில்தான் கண்டோம். அசை கூட்டியும் ஓசை ஒட்டாத வெண்பாக்கள் பல உடனே நினைவுக்கு வந்தன. அவற்றுள் சில எங்களுடையவை.

அடுத்த சிக்கல் இந்நாட்டு வெயில். பழைய ஒலி வேண்டுமென்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையே போட்டிருந்தோம். இரண்டாம் டிரான்சிஸ்டரின் ஏற்பானில் மின்கலத்தின் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 4.5 வோல்ட், நிற்கவேண்டும் என்பது வழக்கம். குளிரூட்டிய அறையில் அவ்வாறே நிறுத்தினோம். பிற்பகலில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுசென்று வாசித்தால், ஒலி திக்கித்திக்கி அறுந்தது. ஜெர்மானியத்தில் வெப்பநிலை சுமார் பத்துப் பாகை ஏறினாலே உள்ளே கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். "கசியுது" என்று அந்த மாணவரே சொன்னார்; பாடநூலில் 'கசிவு மின்னோட்டம்' என்றிருப்பதை அவர் பார்த்ததில்லை. 8.2 கிலோ ஓம் தடையத்தை எடுத்துவிட்டு, திருகி மாற்றத்தக்க சிறு தடை ஒன்றை அங்கே வைத்தோம். அன்றைய வெயிலுக்கேற்பத் திருகிக்கொள்ளலாம். இரண்டாம் பெட்டியில் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களைப் போட்டோம். அவை அசையவில்லை, ஆனால் ஒலி சற்றுக் கூர்மையாயிற்று. எது சிறந்தது என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு உண்டு. அவ்வழக்கு தமிழிலேயே நடக்கிறது. உள்நுழையும் மின்தேக்கியை 2.2 மைக்ரோஃபாரடிலிருந்து 0.1 ஆகக் குறைத்தபோது கீழ்ச்சுருதி மெலிந்ததும் அவ்வழக்கின் ஒரு கிளை.

இனி, பெயர். இப்பெட்டியின் தொழிலைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒலியலையை ஒன்பது வோல்ட் தாங்காத அளவுக்குப் பெருக்கும்போது அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படுகின்றன. மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. 'சிதைவு' என்று எங்கள் பட்டியல் சொல்லிற்று. 'இரைச்சல்' என்றார் ஒருவர். அது வேண்டாத ஒலி, இதுவோ வேண்டி எழுப்புவது. பாட்டு வகுப்புக்குச் செல்லும் மாணவி, "எங்கள் ஆசிரியர் குரலில் பிசிறு அடிக்குது என்பார்" என்றார். துணியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழையும் பிசிறு. குரலின் ஓரத்தில் பிரிந்து நிற்பதும் பிசிறு. ஆங்கிலச் சொல்லும் துணியின் மயிரிழையைக் குறிப்பதே. எவரும் மொழிபெயர்க்காமலே இரண்டும் ஒன்றாக நின்றன.

தம்புராவின் குதிரைமேல் ஒவ்வொரு தந்திக்கடியிலும் செருகும் நூலிழையை அம்மாணவியே நினைவூட்டினார். ஜீவாளி எனப்படும் அவ்விழையைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால்தான் தந்தி ரீங்கரிக்கும், மேற்சுரங்கள் மலரும். சி. வி. இராமன் 1921இலேயே வீணை, தம்புராக்களின் இத்தன்மையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாடகரிடம் பிசிறு கூடாது என்ற அதே மரபு, அவர் பின்னால் ஒலிக்கும் கருவியில் நூலை வைத்து அதனை வளர்த்திருக்கிறது.

ஆகவே, பெட்டியின்மேல் 'பிசிறு' என்று மாணவர்கள் எழுதிவிட்டார்கள். எந்தக் கலைச்சொற்குழுவும் அதனை ஏற்கவில்லை, கேட்கவும் இல்லை. மற்றொரு குமிழுக்கு இன்னும் 'வால்யூம்' என்றே பெயர்.

உரை முடிந்ததும் கிட்டாரை இணைக்கிறோம். இவ்வரங்கம் குளிரூட்டப்பட்டது, ஆகையால் முதலில் சற்றுத் திருகவேண்டியிருக்கும். விரும்பும் மாணவர்கள் முன்னே வாருங்கள்.