காராங்குனிக்குப் போன நோட்டுகள்

(சங்கப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நூலகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த நாட்டின் வரலாற்று நூல்களைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் தம்பி கேட்டுக்கொண்டார். சமையற்கட்டிலிருந்து தேக்சா திறக்கும் வாசனை வந்தால் நானே நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் பேசினால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பது 50 ஆண்டு அனுபவம்.

பிப்ரவரி 15 என்றதும் நம் பேரப்பிள்ளைகள் 1942 என்பார்கள். பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். பள்ளிக்கூடங்களில் முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். சிங்கப்பூர்ப் போர் வரலாற்றில் அதே தேதி இன்னொரு முறையும் வருகிறது, 1915இல். சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்ஸாண்ட்ரா படைமுகாமில் இருந்த 5ஆவது இலகு காலாட்படை மறுநாள் ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டும். அந்தப் படையின் சிப்பாய்கள் வட இந்திய முஸ்லிம்கள். தங்களைத் துருக்கிக்கு எதிராகச் சண்டையிட அனுப்பப் போகிறார்கள் என்று அவர்களிடையே பேச்சுப் பரவியிருந்தது. அன்று பிற்பகல் கலகம் வெடித்தது. நேச நாட்டுக் கப்பல்களின் மாலுமிகள் வந்து உதவிய பிறகுதான் அரசு அதை அடக்க முடிந்தது. 47 சிப்பாய்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரோரம் நிறுத்தி, ஊர் கூடிப் பார்க்கச் சுட்டார்கள்.

ஹார்ப்பரும் ஹேரி மில்லரும் சேர்ந்து 1984இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். ஷோ குவாஜிமா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே சம்பவத்தை எந்த வாசலில் நின்று பார்க்கிறோமோ அதற்கேற்ப அது எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

எனக்கு அந்த வரலாற்றில் துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிதாகப் பட்டது அதற்குப் பிறகு வந்த ஓர் உத்தரவு. ஊரிலுள்ள இந்தியர்கள் அனைவரும் அரசாங்கத்திடம் பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் கடை வைத்திருந்த நாகூர்க்காரருக்கும் அந்தச் சிப்பாய்க்கும் என்ன தொடர்பு? பேச்சு வேறு, ஊர் வேறு, சாப்பாடுகூட வேறு. ஆனாலும் அவரும் போய் நின்று பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிரவு கிட்டங்கிக்குத் திரும்பிப் பாயை விரித்தபோது தம் கூட்டாளிகளிடம் அவர் என்ன சொல்லியிருப்பார்? நான் படித்த எந்த நூலிலும் அது இல்லை. உத்தரவு போட்டவர்கள் கோப்பு வைத்திருந்தார்கள், அது நூலுக்குள் வந்துவிட்டது. கிட்டங்கியில் பேசிய பேச்சு பாயோடு சுருண்டுவிட்டது.

ஊர் வரலாற்று நூல்களிலும் இதே கதைதான். பக்லி என்ற வழக்கறிஞர் பழைய சிங்கப்பூரைப் பற்றி எழுதியது 1902இல் நூலாக வந்தது. இன்றும் ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். பிறகு நகரத்தின் நூற்றாண்டையொட்டி 1921இல் இரண்டு பெரிய தொகுதிகள் வெளிவந்தன. அதற்காகச் சீனர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதித் தரும்படி சோங் ஓங் சியாங் அவர்களைக் கேட்டிருந்தார்கள். அவர் எழுத எழுத அது அத்தியாயத்துக்குள் அடங்காமல், 1923இல் தனி நூலாகவே வெளிவந்தது. குடும்பங்கள், வியாபாரங்கள், தர்மங்கள், வழக்குகள் என்று ஆண்டுவாரியாக எல்லாம் அதில் இருக்கிறது. நம்மில் அப்படி ஒருவர் அன்று உட்கார்ந்து எழுதியிருந்தால்! பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

எழுதத் தெரியாத சமூகமா நாம்? மகுதூம் சாயபு 1887இலேயே ‘சிங்கை நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கி 1890 வரை நடத்தியிருக்கிறார். நம்மிடையே எழுத்து இருந்தது. சேர்த்து வைத்தவர்கள்தான் குறைவு.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள அல்-அப்ரார் பள்ளிவாசலை நம் மூத்தவர்கள் குச்சுப் பள்ளி என்பார்கள். 1827இல் அது வெறும் ஓலைக் குடிசையாக இருந்ததால் வந்த பெயர். கல் கட்டடம் 1850களில்தான் வந்தது. 1974இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். குடிசை போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று அதற்குச் சாட்சி அந்தப் பெயர் மட்டும்தான். நம் பிள்ளைகள் ‘அல்-அப்ரார்’ என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

ஆனால் காகிதம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குப் பினாங்கைப் பாருங்கள். கூ சல்மா நசுத்தியோன் அவர்கள் பினாங்குச் சூலியாக்களைப் பற்றி எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நடுவில் வைத்து, 1786 முதல் 1957 வரையிலான வரலாற்றைச் சொல்கிறது. தூக்கினால் கை வலிக்கும் கனம். வக்ஃபு நிலங்களைப் பற்றிய பதிவுகள் போன்ற உலர்ந்த காகிதங்களிலிருந்து, யார் எந்த வீதியில் இருந்தார், யார் எதைத் தர்மமாக விட்டுப்போனார் என்று ஒரு முழு ஊரையே எழுப்பிக் காட்டியிருக்கிறார். நம் நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கியிருக்கிறோம். தயவுசெய்து கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

1984இல் நான் சங்கத்தின் துணைச் செயலாளர். பழைய கடைவீட்டு மாடியை விட்டு நாம் இடம் மாறிய ஆண்டு. அங்கே இரண்டு பிஸ்கட் தகரங்கள் இருந்தன. சங்கம் தொடங்குவதற்கு முந்திய காலத்து நோட்டுகள், ஒரு கிட்டங்கியின் மையத்துச் செலவுக் கணக்கு. மாதச் சந்தா கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர். யாராவது மௌத்தானால் கஃபன் துணிக்கு இவ்வளவு, குழி வெட்டக் கூலி இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் செலவுக் கணக்கே இல்லை. ‘சயாம் போனவர்கள்’ என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பெயர்கள்.

தலைப்பை நான் படித்தேன். படித்துவிட்டு மூடி, கரையான் அரித்தது என்று காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு 35 வயது. வண்டி கீழே காத்திருந்தது.

சயாம் ரயில் பாதையை உங்களுக்குத் தெரியும். ஜப்பானியர் 1942, 43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. ஆங்கிலத்தில் அதைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் கதை. அந்தக் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் அங்கே எண்ணிக்கையில் அதிகம், இறந்ததும் அதிகம். மலாயாவிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் பெரும் பங்கு. கைதிகளுக்குப் படைப்பிரிவின் பெயர்ப்பட்டியல் இருந்தது. பிழைத்து வந்தவர்கள் நாட்குறிப்பு வெளியிட்டார்கள். நம்மவர்களுக்கு யார் பட்டியல் வைத்தார்கள்? ஒரு கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை வைத்திருந்தார்.

என் வாப்பா ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மரவள்ளிக்கிழங்கை மட்டும் கடைசிவரை வாயில் வைக்கவில்லை. ஒரே ஒருமுறை, தம்மோடு பாய் போட்டுப் படுத்திருந்த ஒருவர் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்றார். பெயரும் சொன்னார். எனக்கு மறந்துவிட்டது. வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். போர்க்காலத்தில் காணாமல் போன தமிழ் முஸ்லிம்களின் பெயர்கள் ஏதாவது உங்களிடம் உண்டா என்று கேட்டார். தேநீர் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன கொடுப்பது?

இன்னும் மிச்சம் இருப்பதைப் பார்ப்போம். வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து நேர்காணல்களைப் பதிந்து வருகிறது. தமிழில் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி லீ கியோக் போய் எழுதி 2005இல் வந்த நூலைப் படித்தால், அத்தகைய பதிவுகள் எப்படி வரலாறாகின்றன என்பது புரியும். மரவள்ளியும் வாழைமர நோட்டும் படைத்தளபதிகளுக்குச் சமமாக அதில் இடம் பெறுகின்றன.

வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு மேல்மாடி அறையில் இரண்டு இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு இருப்பார்கள். 80 வயதைத் தாண்டியவர்களை அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவர்களே வருவார்கள். பழைய கடிதம், கடைச் சீட்டு, கப்பல் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் கொண்டு வாருங்கள். படமெடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். ‘சயாம் போனவர்கள்’ பட்டியலில் இருந்த ஒரு பெயராவது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால், ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றே, சாப்பிட்டு முடித்ததும், என்னிடம் வந்து சொல்லுங்கள். ஒரு புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.