ஓ.பி. சீட்டில் இல்லாத கேள்வி



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சேரிகளிலிருந்து இருமலோடு மருத்துவமனைக்குப் போகும் நம்மவரிடம் கேட்பார்கள்: பீடி உண்டா, குடி உண்டா? முப்பது வருஷம் தோல் ஷாப்பில் டிரம் பக்கத்தில் நின்றவர் என்பது ஓ.பி. சீட்டில் ஏறாது.

அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி. அவர் வீட்டு மலக்குழியை ஒருவர் பதறிப் பதறி அள்ளிக்கொண்டிருந்தார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டார் மருத்துவர். நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் நின்றால் கண் போய்விடும் என்றார் தொழிலாளி. அங்கிருந்து தொடங்கியதுதான் 1700இல் வந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய நூல். நோயாளியிடம் 'என்ன வேலை?' என்றும் கேளுங்கள் என்றது அது. நம் தலையில் சாதி சுமத்திய அதே வேலையைச் செய்தவர்தான் அந்த மருத்துவத்துக்கு முதல் ஆசான். மருத்துவர் பெயர் நிலைத்தது, அவர் பெயர் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். டிரம்மில் போடும் குரோம் உப்பு பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்டது, கொடுமை குறைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உப்பைத் தயாரிப்பது ஆறு இணைதிறன் குரோமியத்திலிருந்து. நம் உடலின் செல் அதைச் சல்ஃபேட் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. உள்ளே போய் உருமாறும்போது டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும், தோல் தூசு மூக்கறைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிய பிறகும் அதன் கழிவு மலையாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

இந்த நோய்கள் வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். பீடிக்கும் பங்குண்டு, பரம்பரைக்கும் உண்டு, மூச்சில் போன தூசுக்கும் உண்டு. ஒன்றோடொன்று சேர்ந்தே அவை வேலை செய்கின்றன. இத்தனை காரணங்களில் நம் பழக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டால் ஷாப் முதலாளிக்குக் கணக்கு நேராகிவிடுகிறது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தூக்கத்திலேயே போனார்கள். அது செய்தியானது, வழக்கானது. வீட்டுத் திண்ணையில் இருமி இருமிச் சாகிறவருக்கு எந்த வழக்கும் இல்லை.

1948 தொழிற்சாலைச் சட்டம் குரோம் புண்ணை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. பார்த்த மருத்துவரே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. நம்மில் எத்தனை பேர் கையில் அந்தப் புண் இருந்தது! யார் எழுதினார்கள்?

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அப்பாவை, அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது சுண்ணாம்புக் குழியா, டிரம்மா, பஃபிங்கா, எத்தனை வருஷம் என்று சொல்லுங்கள். சீட்டின் ஓரத்திலாவது அதை எழுத வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.