ஓய்வூதியமும் அட்டைக் கூலியும்
(திண்டிவனத்தில் நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசுவான் என்றெண்ணி வந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று யான் பேசப் புகுவது ஏ.டி.எம். அட்டையைப் பற்றி. முன்னாளில் உபகாரச் சம்பளம் என வழங்கியது இன்று ஓய்வூதியம் எனப்படுகின்றது. பெயர் மாறியதில் எனக்கு உவகையே. உழைத்துப் பெற்ற பொருளை உபகாரம் என்பது பொருந்தாதன்றோ? ஆயினும் அப்பொருள் குறையாது நம் கை சேர்கின்றதா?

என் சிறிய தந்தையார் இவ்வூரினரே. அவர் கணக்கு வைத்துள்ள வங்கி சேய்மையில் உளது. வீட்டருகே இருப்பது வேறொரு வங்கியின் இயந்திரம். ஒரு திங்கள், ஓய்வூதியம் வந்ததோ இல்லையோ என்னும் கவலையால் ஐந்து நாள் அங்குச் சென்று இருப்பை மட்டும் பார்த்துத் திரும்பினார். பின்னர் மருந்துக்கென இருமுறை பணம் எடுத்தார். இருமுறையும் கட்டணம் பிடித்தனர். பாஸ்புக்கை என்னிடம் நீட்டி, “என் பணத்தை நான் பார்ப்பதற்கும் கூலியா, தம்பி?” என்றார். யான் விடை கூற நாணினேன்.

பிற வங்கி இயந்திரத்தை நம்மூர் போன்ற இடங்களில் திங்களுக்கு 5 முறையும், சென்னை முதலிய ஆறு பெருநகரங்களில் 3 முறையுமே கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இருப்பை வினவுதலும் ஒரு முறையாகவே எண்ணப்படும். தன் வங்கி இயந்திரத்தில் 5 முறை எடுக்கலாம். மிகுந்தால், 2025 மே 1 முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வாங்க ரிசர்வ் வங்கி இடந்தந்துளது; வரி வேறு. விழுப்புரத்தில் ரயிலேறிச் சென்னையில் மகன் வீட்டிற்குச் செல்லும் மூத்தோர் இதனை மறத்தலாகாது. அங்கே நான்காம் முறைக்கே கூலி.

இருப்பை அறியப் பாஸ்புக் உண்டு. கைப்பேசிக் குறுஞ்செய்தியும் உண்டு. இயந்திரம் எதற்கு?

ஆண்டுதோறும் அட்டைக்கென ஒரு தொகை கழிகின்றதா என்றும் பார்மின். ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என ஒன்றுளது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டா. அட்டைக்கு ஆண்டுக் கட்டணமில்லை. திங்களுக்கு 4 முறையேனும் இலவசமாக எடுக்கலாம். வறியோர்க்கே உரியதென்று பலர் கருதுகின்றனர். அன்று, எவரும் கேட்டுப் பெறலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்தலாகாது. அடிக்கடி சிறு தொகை எடுப்போர்க்கு இது ஏற்றதன்று என்பது என் கருத்து.

இயந்திரம் பணம் தாராமலே கணக்கில் கழித்துவிட்டால் அஞ்சற்க. ஐந்து நாளுள் வங்கி அதனைத் திருப்பவேண்டும். தவறின் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. வங்கிக்கு எழுத்தால் முறையிட்டு 30 நாளாகியும் விடை வாராதேல், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அடுத்த திங்கட்கூட்டத்திற்கு வருவோர் பாஸ்புக்கைக் கொணர்க. கண்ணாடி அணிந்து யானே வரிவரியாய்ப் படித்துச் சொல்வேன். என் சிறிய தந்தையாரும் உடனிருப்பார்.