தம்பிக்குத் தோள் கொடுத்த அண்ணன்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீடுகள் பலவற்றில் நேதாஜி படம் உண்டு. அவருடைய அண்ணன் சரத் சந்திர போஸ் படத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

சரத் 1889-ல் பிறந்தவர். தம்பிக்கு ஏழு வயது மூத்தவர். கல்கத்தா ஹைகோர்ட்டில் பெயர் பெற்ற பாரிஸ்டர். 1921-ல் ஐ.சி.எஸ். பதவியைத் துறப்பது பற்றி சுபாஷ் இங்கிலாந்திலிருந்து கடிதம் எழுதி யோசனை கலந்தது இவரிடம்தான். தம்பி சம்பளத்தை உதறினார். செலவை அண்ணன் சுமந்தார்.

பணத்தோடு நின்றாரா? இல்லை. 1932 முதல் 1935 வரை, விசாரணையே இல்லாமல் இவரையும் காவலில் வைத்தது வெள்ளை அரசு.

1941 ஜனவரி 16 நள்ளிரவு, போலீஸ் கண்காணித்த வீட்டிலிருந்து சுபாஷ் தப்பினார். கார் ஓட்டியவர் சரத்தின் மகன் சிசிர். கோமோ ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டார். திட்டம் சரத்துக்கு முன்பே தெரியும். பிடிபட்டால் மகன் கதி என்ன என்பதும் தெரியும். தெரிந்தே அனுப்பினார்!

அந்த டிசம்பரிலேயே சரத் கைதானார். திருச்சி சிறை, மெர்க்காரா, பிறகு குன்னூர் என்று 1945 செப்டம்பர் வரை காவல். மலாயாத் தோட்டத் தமிழர்கள் தம்பியின் படையில் சேர்ந்தபோது, அண்ணன் நம் மண்ணில் கைதி. தம்பி விமான விபத்தில் இறந்தார் என்ற செய்தி வந்தபோதும் அவர் காவலில்தான் இருந்தார். அந்த ஆண்டுகளில் குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் அவர் மனைவி விபாவதி.

அவர் தம்பியின் நிழல் மட்டும் அல்ல. 1947-ல் வங்காளத்தைப் பிளக்கக் கூடாது என்று காங்கிரஸ் தலைமையையே எதிர்த்தார், தோற்றார். 1949-ல் தெற்குக் கல்கத்தா இடைத்தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து நின்று வென்றார். 1950 பிப்ரவரியில் மறைந்தார்.

தலைவருக்கு அண்ணன் தம்பி என்றால் காண்ட்ராக்டும் சிபாரிசும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இவரோ உறவைக் காட்டி வாங்கவில்லை, உறவுக்காகக் கொடுத்தார்.

தோழர்களே, சங்கத்துக்காக ஒருவன் முன்னே நின்று சஸ்பெண்ட் ஆனால் கைதட்டுகிறோம். அவன் வீட்டு வாடகையை யார் கட்டுவது? குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை? ஊர் விட்டு வந்த நமக்கு இங்கே கூடப்பிறந்தவர் யார்? நாமேதான். ஆகவே சம்பள நாளில் ஆளுக்கு ஒரு தொகை ஒதுக்கி, பாதிக்கப்பட்டோர் குடும்ப நிதி ஒன்றை இன்றே தொடங்குவோம். கணக்கைத் தாய்மார்கள் கையில் கொடுப்போம்.

முன்னே நிற்பவனுக்கு மாலை போதாது. பின்னே நிற்க ஆள் வேண்டும்.