தந்தைத் தீவில் மூன்று நாட்கள்



டோக்கியோவின் ஆட்சி எல்லைக்குள் இருந்துகொண்டே அந்நகரிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி வாழ முடியுமா? முடியும். ஒகசவாரா என்னும் தீவுக்கூட்டம் நிருவாகத்தில் டோக்கியோவைச் சேர்ந்தது. அங்கே ஓடும் மோட்டார் வண்டிகளிலும் டோக்கியோவின் ஷினகவா வட்டாரத்துப் பதிவெண்களே உள்ளன. ஆயினும் அங்கே செல்லப் பயணிகள் விமானம் கிடையாது. தக்கேஷிபா துறையில் காலை 11 மணிக்குப் புறப்படும் கப்பல், பசிபிக் பெருங்கடலில் தெற்கு நோக்கி 24 மணி நேரம் சென்று, மறுநாள் சிச்சிஜிமா தீவை அடைகிறது. பெரும்பாலும் ஆறு நாட்களுக்கு ஒரு முறையே இக்கப்பல் உண்டு. சென்றவர் நினைத்தபோது திரும்ப இயலாது.

அக்கப்பலில் நான் தன்னந்தனியாகச் சென்றேன். அலுவலகத் தாள்களினின்றும் சில நாள் விலகியிருக்க வேண்டும் என்பதே என் நோக்கம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சிச்சிஜிமா என்றால் தந்தைத் தீவு என்று பொருள். அதற்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ஹஹாஜிமா, அதாவது தாய்த் தீவு இருக்கிறது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்ற பெயருடைய தீவுகளும் உண்டு. வடக்கே மாப்பிள்ளைத் தீவும் மணமகள் தீவும், அவ்விரண்டிற்கும் இடையே சம்பந்தம் பேசி முடித்த தரகர் தீவும் இருக்கின்றன! கடல் நடுவே ஒரு கூட்டுக் குடும்பம். ஆயினும் இன்று ஊர்மக்கள் குடியிருப்பது தந்தையிடமும் தாயிடமும் மட்டுமே. இரு தீவுகளிலுமாக ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கின்றனர்.

இத்தீவுகள் எக்காலத்தும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்தவை அல்ல. காற்றும் அலையும் பறவையும் கொண்டுவந்து சேர்த்த உயிர்களே இங்கே வேரூன்றித் தனி இனங்களாக வளர்ந்தன. இங்குள்ள நிலநத்தை இனங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இத்தீவுகளை உலக இயற்கை மரபுச் செல்வமாக ஏற்றது. காட்டுப் பாதையில் நுழையுமுன் காலணியின் அடிப்புறத்தைத் தூரிகையால் தேய்த்து, ஒட்டியிருக்கும் மண்ணையும் விதையையும் நீக்க வேண்டும். அவ்வாறு செய்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே தாழை இனத்து மரம் ஒன்று விழுதூன்றி நின்றது. அவ்விழுதுகளைக் கண்ட ஜப்பானியர் அதற்கு எண்காலி மீன் மரம் என்று பெயரிட்டனர்.

தீவின் அமைதி இயல்பாக வந்த அமைதி மட்டுமன்று. 1830ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களைச் சேர்ந்த சிறு கூட்டம் ஒன்று இங்கே குடியேறிற்று. 1876இல் ஜப்பான் தீவுகளைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. பின்னர் ஜப்பானியர் பெருகினர். 1944இல் போர் நெருங்கவே, ஏறத்தாழ 6,900 பேர் ஜப்பானின் பெருநிலத்துக்கு அகற்றப்பட்டனர். போருக்குப்பின் தீவுகள் அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தன. 1946இல் முதற்குடிகளின் வழிவந்த 130 பேர் அளவினரே திரும்ப அனுமதி பெற்றனர். ஏனையோர், தீவுகள் ஜப்பானுக்கு மீண்ட 1968 வரை, 24 ஆண்டுகள் காத்திருந்தனர்.

நான் தங்கிய விடுதியின் அம்மையார் அவ்வாறு காத்திருந்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய சிறிதளவு ஆங்கிலமும் என்னுடைய சிறிதளவு ஜப்பானிய மொழியும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. அவர் தந்தை திரும்பியபோது வீடு இல்லை, வயலும் இல்லை. எங்கும் மரம் மண்டிக் கிடந்தது. கல்சுவர் ஒன்றைத் தடவிப் பார்த்தே தம் நிலத்தை அவர் அடையாளம் கண்டாராம். அம்மையார் சுட்டிக்காட்டிய மரத்தைப் பார்த்தேன். நம் நாட்டில் சூபாபுல் என்று வழங்கும் அதே மரம்! கைவிடப்பட்ட வயல்களை அதுவே மூடிக்கொண்டது.

முன்னரே திரும்பிய 130 பேரின் பிள்ளைகளுக்கு வேறொரு துன்பம் வந்தது. கடற்படைக் காலத்துப் பள்ளியில் அவர்கள் ஆங்கிலத்தில் பயின்றனர். வீட்டிலோ ஜப்பானியமும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. தம்மையே ‘மீ’ என்று ஆங்கிலத்தில் சுட்டி, வாக்கியத்தை ஜப்பானியத்தில் முடிப்பார்கள். 1968க்குப்பின் பள்ளி ஜப்பானிய மொழிக்கு மாறிற்று. பிறந்த மண்ணைவிட்டு நகராமலே அவர்கள் வேற்று நாட்டுப் பள்ளிக்குச் சென்றவர்களைப்போல் ஆயினர். வேற்று மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நான்காம் நாள் கப்பல் புறப்பட்டது. துறையில் முரசு முழங்கிற்று. சிறு படகுகள் பல எங்களைப் பின்தொடர்ந்து வந்தன. ஒரு கட்டத்தில் படகிலிருந்த இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கடலில் குதித்து, நீரில் மிதந்தபடியே கையசைத்தனர். விடைபெறும் சொல்லாகிய ‘சயோனாரா’வை அவர்கள் சொல்லவில்லை. ‘இத்தெராஷ்ஷை’ என்றே கூவினர். வீட்டைவிட்டு வெளியே செல்பவரிடம் வீட்டில் இருப்பவர் சொல்லும் சொல் அது.

மொழிபெயர்ப்பே என் தொழில். பல சொற்களுக்கு ஈடு தேடி நாட்கணக்கில் அலைந்ததுண்டு. இச்சொல்லுக்கோ ஒரு நொடியும் தேடவில்லை. ‘போய் வா’ என்று வாசற்படியில் நின்று என் தாயார் சொன்ன சொல்லே அது. அவர் காலமானபின், இனி அங்கே யார் இருக்கிறார்கள் என்று எண்ணி, ஊருக்குச் செல்வதையே நான் நிறுத்திவிட்டிருந்தேன். கல்சுவர் ஒன்றைத் தேடி 24 ஆண்டுகள் காத்திருந்தவரின் கதையைக் கேட்டபின் அவ்வெண்ணம் எனக்கே நாணத்தைத் தந்தது.

தில்லி திரும்பிய வாரத்திலேயே ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கினேன். போய் வருகிறேன்.