வீட்டுக்கு உகந்த கணினி



இணையம் என்னும் பெருவாயிலுக்கு இன்று நம் வீடுகளில் இரு திறவுகோல்கள் உள்ளன. ஒன்று மேசைமேல் வீற்றிருக்கும் கணினி; மற்றொன்று கைக்குள் அடங்கும் தொலைபேசி. வெளியிற் செல்லுங்கால் பின்னதே துணை என்பதில் ஐயமில்லை. ஆயின், வீட்டிலிருந்தவாறு இணையத்திற் படிக்கவும் தேடவும் எது தக்கது? மேசைக் கணினியே என்பது என் துணிபு.

முதற் காரணம் அதன் பரப்பு. 1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகரின் அருகேயுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திலே டிம் பேர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் உலகளாவிய வலைக்கு வித்திட்டபோது, ஆய்வாளர் பலரது ஆவணங்களை ஒன்றோடொன்று தொடுத்துக் காண்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. தொடுத்துக் காண்பதற்கு இடம் வேண்டுமன்றோ? ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி, 2005 முதல் இணையத்தில் இலவசமாக வழங்கிவருகின்றது 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம். அங்குள்ள பழைய செய்தித்தாள் ஒன்றைக் கைத்தொலைபேசியில் வாசிக்க முயல்பவர், ஒரு பத்தியைப் பெரிதாக்கினால் அடுத்த பத்தியை இழப்பர். விரலால் இழுத்து இழுத்துச் சலிப்பர். அகன்ற திரையிலோ முழுப்பக்கமும் ஒருசேரத் தோன்றும். அதே நிகழ்ச்சியை வேறோர் இதழ் எவ்வாறு உரைத்தது என்பதையும் அருகிலே திறந்துவைத்து ஒப்புநோக்கலாம். கண்டதை உடனே நம்பிவிடாத அறிவு, இவ்வாறு ஒப்புநோக்கும் பழக்கத்திலேதான் தொடங்குகின்றது.

இரண்டாவது, எழுத்து. சுருக்கமான ஒரு விடைக்குக் கைத்தொலைபேசி போதும். ஆனால், வாசித்ததைக் குறிப்பெடுத்து, வரிசைப்படுத்தி, நீண்ட கட்டுரையாக வரைய விரும்பும் உயர்தர வகுப்பு மாணவனுக்குப் பத்து விரல்களும் தொழிற்படும் விசைப்பலகை வேண்டும்.

மூன்றாவதே தலையாயது, அஃது இடம். மேசைக் கணினி நம்மைத் தொடர்ந்து வருவதில்லை. நாமே அதனிடம் செல்கின்றோம். தேவை கருதி அமர்கின்றோம். தேவை முடிந்ததும் எழுகின்றோம். உணவு மேசைக்கும் படுக்கைக்கும் அது வாராது. வீட்டின் நடுக்கூடத்தில் அதனை வைத்தால், பிள்ளை எதைப் பார்க்கின்றது என்பதை வேவு பார்க்காமலே தாய் அறிவாள். பிள்ளைக்கு ஐயம் எழுந்தால், தந்தையும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமரலாம். போர்வைக்குள் ஒளிரும் சிறு திரை இந்த வாய்ப்பைத் தருவதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எத்தனையோ இல்லங்களிற் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்திலே, மேசைக் கணினி வாய்மூடிக் கிடந்தது. இவற்றை யார் மறுப்பார்? ஆயினும், வெள்ளத்தில் உதவிய தோணியிலேயே, வெள்ளம் வடிந்த பின்னரும் குடியிருப்பார் உளரோ?

விலை அதிகமன்றோ என்பீர்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் பேராற்றல் வாய்ந்த பொறி வேண்டியதில்லை. செப்பனிடப்பட்ட பழைய கணினியே போதுமானது. அதன் பாதுகாப்பு மென்பொருள் இன்னும் புதுப்பிக்கப்படக் கூடியதா என்பதை மட்டும் வாங்குமுன் விசாரித்தறிதல் வேண்டும். விசைப்பலகையோ திரையோ பழுதுற்றால், அந்தப் பாகத்தை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம்.

பெற்றாரே, பிள்ளைக்குப் புதிய கைத்தொலைபேசி வாங்க எண்ணும் முன்னர், அப்பணத்தில் வீடு முழுவதற்கும் பயன்படும் ஒரு கணினி கிடைக்குமா எனச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். கிடைத்தால், அதனை அறைக்குள் அடைத்துவிடாது, எல்லோரும் நடமாடும் இடத்தில் வையுங்கள். பக்கத்திலே இன்னொரு கதிரையும் இருக்கட்டும்.