நனைந்த நூலும் நடக்கும் பாதையும்

கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியோர் நிறைவாக எடுத்துரைத்தனர். நான் ஒரே ஒரு சோதனையைப் பற்றிப் பேச விழைகிறேன்.

செருமானியக் கட்டடக் கலைஞர் ஃபிரை ஓட்டோ (1925–2015) இரண்டாம் உலகப் போரில் விமானி; பின் பிரான்சின் சார்த்தர் நகரில் போர்க்கைதி. முகாமில் கிடைத்த சொற்பப் பொருளைக் கொண்டு கட்டடம் அமைக்கும் பணி அவருக்கு வாய்த்தது. குறைந்த பொருளில் கட்டுவதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. 1964-இல் ஸ்டுட்கார்ட்டில் அதற்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரையில் அவருக்குப் பங்கு உண்டு.

அந்நிறுவனத்தார் பாதைகளையும் ஆராய்ந்தனர். நான்கு ஊர்கள் சதுரத்தின் நான்கு மூலைகளில் இருப்பதாகக் கொள்வோம். பக்கம் 1000 மீட்டர். எல்லா ஊரையும் நேராக இணைத்தால் 6828 மீட்டர் சாலை வேண்டும். சோப்புநீர்ப் படலம் கொண்டு மிகச் சிறிய இணைப்பைக் கண்டால் 2732 மீட்டர் போதும். இடையில் கிழக்கு மேற்காக ஒரு கோடு. அதன் இரு நுனியிலிருந்தும் இவ்விரு கிளைகள். சிக்கனந்தான். ஆனால் நடப்பவனைக் கேளுங்கள். வடமேற்கு ஊரான் தென்மேற்கு ஊருக்கு 1155 மீட்டர் நடக்கிறான். வடகிழக்கு ஊருக்கு 1577 மீட்டர் நடக்கிறான். நேர்வழி இரண்டும் 1000 மீட்டரே. நடுக்கோட்டைத் தெற்கு வடக்காகத் திருப்பினாலும் மொத்தம் அதே 2732. சுமைதான் இடம் மாறும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை இயற்பியல் சொல்லாது.

கம்பளி நூல் சோதனை இங்கேதான் உதவுகிறது. ஒரு வளையத்தின் விளிம்பில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றுடனும் நூலால் இணைப்பர். நூல் விறைப்பாக இராது. 100 பங்கு தொலைவுக்கு 108 பங்கு நூல் என்று தொய்வு விடுவர். நீரில் அமிழ்த்தி எடுத்தால், நீரின் பரப்பு இழுவிசை அருகருகே உள்ள நூல்களை ஒட்டவைக்கும். இலை நரம்புபோல் பொதுப்பாதைகள் உருவாகும். ஒவ்வொரு நூலும் ஒரு வழிப்போக்கனின் வழி என்பதை நினைவிற் கொள்க. நூலின் நீளம் மாறாது. ஆகவே எவனும் நூற்றுக்கு எட்டுக்குமேல் சுற்ற நேராது. சோப்புப் படலத்தில் இந்தக் காவல் இல்லை.

இன்று இதைக் கணிப்பொறியில் செய்கிறார்கள். ரைனோ என்னும் வரைகலை மென்பொருளில் கிராஸ்ஹாப்பர் என்றொரு பகுதி. அதனுள் இயங்கும் கங்காரு என்னும் கருவியை டேனியல் பைக்கர் உருவாக்கினார். நூலைப் பல புள்ளிகளாகப் பகுத்து, அடுத்தடுத்த புள்ளிகளைச் சுருள்வில்லால் பிணைத்ததாகக் கணக்கிடும். நீட்சிக்கேற்ப மீள்விசை என்பது நம் பாடநூலில் உள்ள ஹூக் விதிதான். குறித்த தொலைவுக்குள் வரும் பிற நூலின் புள்ளியை ஈர்க்கும்படி இன்னொரு விசையைச் சேர்ப்பர். அது நீரின் வேலையைச் செய்யும். விசைகள் சமநிலை அடையும்வரை கணக்கு மீண்டும் மீண்டும் ஓடும். தொய்வு 8 என்பதை 20 ஆக்கினால், திரையில் வலை வேறு உருக் கொள்ளும். நூலை அவிழ்த்துக் கட்டும் பாடு மிச்சம்.

ஆனால் அந்த எட்டையும் இருபதையும் இடுபவர் மனிதர். எவை புள்ளிகள் என்று குறிப்பவரும் மனிதரே. புள்ளியாகக் குறிக்கப்படாத குடியிருப்புக்கு நூல் வராது. எவ்வளவு திறமையான கருவியும் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. இங்குள்ளோருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கட்டடவியலோ நகரமைப்போ படிக்கப் போகும் பிள்ளைகள் முதலில் புள்ளிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். படம் அழகாயிருக்கிறதா என்பது பிறகு.

கணிப்பொறி இல்லாதோர் மனந்தளர வேண்டாம். பழைய மிதிவண்டிச் சக்கர விளிம்பு ஒன்று போதும். ஆரக்கம்பித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. எட்டுத் துளைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஏனைய ஏழுடன் இணைத்தால் 28 நூல்கள் ஆகும். முதலில் நூற்றுக்கு எட்டுத் தொய்வு; மறுமுறை இருபது. அண்டாவில் அமிழ்த்தி, மெல்லக் குலுக்கி, மட்டமாகத் தூக்கி, ஈரம் காயுமுன் அளவுகோலால் அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். எந்த நூல் எதனோடு சேர்ந்தது, எது தனித்து நின்றது என்பதையும் அருகில் குறித்துவையுங்கள்.